கஃபீல் என்னும் சொல்லும் ‘ஆடுஜீவித’மும்

பென்யாமின் மலையாளத்தில் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ என்னும் நாவல் 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. 2009ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, 2024இல் திரைப்படமாகவும் வந்தபின், நூல் படிக்கும் வழக்கமில்லாதவர்களும் அதன் கதையை அறிந்துவிட்டனர். நம் மஹல்லாக்களிலும் பள்ளிக்கூட ஆசிரியர் அறைகளிலும் இந்நூலைப் பற்றிப் பேசுவோர் ஏறக்குறைய ஒரே கருத்தைத்தான் சொல்லக் கேட்கிறோம். பாலைவனத்தின் கொடுமை, நஜீபின் ஸப்ரு, இறைவன்மீது அவன் வைத்த நம்பிக்கை ஆகிய மூன்றுமே நூலின் சாரம் என்பது அக்கருத்து.

இம்மூன்றும் நூலில் உள்ளன, மறுப்பதற்கில்லை. ஆயினும், இந்நாவலின் உயிர்நிலை பாலை மணலில் இல்லை, ஒரு காகிதத்தில் இருக்கிறது என்பது நம் துணிபு. அக்காகிதத்தைப் படிக்காமல் நாவலைப் படித்தவர் பாதி நூலையே படித்தவராவார். நூலைப் பாதியாகப் படிப்பதால் வாசகருக்குச் சுவைக்குறைவு மட்டுமே நேரும். காகிதத்தையே படிக்காமல் கப்பலோ விமானமோ ஏறுகிறவருக்கு வாழ்நாளின் ஒரு பகுதியே பறிபோய்விடும். ஆகவேதான் இதனை விரித்து எழுத முற்படுகிறோம்.

கொல்லிமலையில் இருந்துகொண்டு அரபு நாட்டு வேலை அனுமதியைப் பற்றி எழுதுவது சிலருக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டிய ஊர் இது. வல்வில் ஓரியின் மலை; சங்கப் புலவர்கள் பாவையொன்றை வைத்துப் பாடிய மலை. காற்று மோதினும், மழை பெய்து அலைப்பினும், நிலமே அதிரினும் அப்பாவை தன் வடிவம் மாறாது நிற்கும் என்பது பரணர் நற்றிணையில் சொல்லும் செய்தி. பின்வந்த மரபோ, அப்பாவை தன்னை நாடி வந்தோரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் என்றது. ஆக, ஒரே பாவைக்கு இரண்டு இயல்புகள்: மாறாத உறுதி ஒன்று, மயக்கிக் கொல்லும் சிரிப்பு மற்றொன்று. வெளிநாட்டு வேலைக்கான அனுமதிச் சீட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நமக்கு இப்பாவை நினைவுக்கு வருவதுண்டு. அதுவும் தூரத்தில் நின்று சிரிப்பது. யாருடைய கண்ணீருக்கும் தன் எழுத்தை மாற்றிக்கொள்ளாதது.

மலையடிவாரத்து ஊர்களில் கைத்தொழில் வல்லவர்கள் மிகுதி. நாமக்கல்லைச் சுற்றி லாரிக்குக் கூண்டு கட்டும் தொழில் வளர்ந்திருப்பதைத் தமிழ்நாடே அறியும். வெல்டர்களும், தச்சர்களும், நெடுந்தூர ஓட்டுநர்களும் அங்கே உருவாகின்றனர். அவர்களுட் சிலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்ல முனைகையில், அரபு எழுத்தில் வந்த தாள்களைப் படித்துச் சொல்லும்படி நம்மிடம் கொண்டு வருவதுண்டு. மத்ரஸாவில் ஓதிய அரபு, மார்க்கச் சட்ட நூல்களுக்கென்று கற்ற அரபு, இப்படியொரு பணிக்கும் உதவுகிறது. ஒரு முறை, பற்றவைப்புத் தொழிலில் பல்லாண்டு பழகிய ஒருவரின் விசாத் தாளில், ‘மிஹ்னா’ என்னும் தொழிற்பகுதியில் ‘ஸாயிக் ஹாஸ்’, அதாவது வீட்டு ஓட்டுநர், என்று எழுதியிருக்கக் கண்டோம். “அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு சொன்னார் ஹஸரத்” என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர் அறியார். அறிந்தவர் அவருக்குச் சொல்லவுமில்லை.

இந்த அனுபவத்தோடு ‘ஆடுஜீவித’த்தைப் படிக்கும்போது, பலரும் விரைந்து கடந்துவிடும் இரண்டு இடங்கள் நம்மை நிறுத்திவிடுகின்றன.

முதல் இடம் ரியாத் விமான நிலையம். ஆற்றில் மணல் வாரிப் பிழைத்த நஜீப், இருந்ததை விற்றும் அடகு வைத்தும் விசா வாங்கி வருகிறான். கூடவே ஹக்கீம் என்னும் இளைஞன். அழைத்துச் செல்ல வேண்டியவர் வரவில்லை. நெடுநேரம் காத்திருந்தபின் ஒருவன் வருகிறான், இவர்களுடைய கடவுச்சீட்டைப் பார்க்கிறான், பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். நஜீபுக்கு அரபு தெரியாது. வந்தவன் தன் ‘அர்பாப்’ என்று நம்பி ஏறிவிடுகிறான். மூன்றாண்டுக்கு மேல் நீளும் ஆட்டுப்பட்டி வாழ்க்கை இந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

இரண்டாம் இடம் சுமேஸி சிறைச்சாலை. பாலையைக் கடந்து தப்பி வந்த நஜீப், ஊர் திரும்புவதற்கு வேறு வழியின்றித் தானே காவலரிடம் பிடிபட்டுச் சிறை புகுகிறான். அங்கே ஓடிப்போன தொழிலாளரை அடையாளம் காண்பதற்காக அர்பாபுகள் வந்து வரிசையைப் பார்வையிடுவர். உடனிருந்த ஹமீதை அவனுடைய அர்பாப் அடையாளம் கண்டு இழுத்துச் சென்றுவிடுகிறான். பின்னர் நஜீபின் அர்பாபும் வருகிறான். அவன் எதிரில் நிற்கிறான். ஆனால் பேசாமல் போய்விடுகிறான். காரணம் பிற்பாடு தெரிய வருகிறது. இவன் தன்னுடைய விசாவில் வந்தவன் அல்லன், வந்திருந்தால் இழுத்தே சென்றிருப்பேன் என்பதாகக் காவலரிடம் சொல்லியிருக்கிறான்.

இவ்விரு இடங்களையும் இணைத்துப் பார்ப்பவருக்கு நாவலின் உட்பொருள் விளங்கிவிடும். முறையான விசாவில், முறையான கஃபீலின் பெயரில் வந்த ஹமீது மீண்டும் அடிமைத்தளைக்குள் தள்ளப்படுகிறான். கடத்தப்பட்டவனான நஜீபோ, அவனை வைத்திருந்தவனிடம் அவன் பேரில் காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் விடுதலை அடைகிறான். சட்டப்படி வந்தவனைச் சட்டமே கட்டுகிறது. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடிக்கப்பட்டவனைச் சட்டத்தின் இன்மை காக்கிறது. இந்தத் தலைகீழ் நிலையைச் சொல்லத்தான் இந்நாவல் எழுதப்பட்டது என்று நாம் கருதுகிறோம். நஜீபின் பொறுமையை மட்டும் கொண்டாடுவோர் இதனைக் காணாமல் விட்டுவிடுகின்றனர்.

இனிச் சொற்களைப் பார்ப்போம். ‘கஃபாலா’ என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே உள்ளது. ஒருவனுடைய கடனுக்கோ, அவன் வந்து நிற்பதற்கோ மற்றொருவன் பொறுப்பேற்பதே கஃபாலா. அங்கே இழப்புக்கு உள்ளாகக் கூடியவன் கஃபீலே. கடன்பட்டவன் தவறினால் இவன் செலுத்த வேண்டும். பிறனுக்குச் செய்யும் இவ்வுதவிக்குக் கூலி வாங்குதல் கூடாது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. திருக்குர்ஆனில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஸக்கரிய்யா நபி ஏற்றதைச் சொல்லுமிடத்தும் இந்த வேர்ச்சொல்லே வருகிறது. அனாதையின் பொறுப்பேற்றவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் இரு விரல்களைக் காட்டித் தமக்கு அருகில் வைத்துப் பேசிய ஹதீஸிலும் ‘காஃபில்’ என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது.

இத்தகைய சொல், ஒருவன் கடவுச்சீட்டைப் பூட்டி வைக்கவும், வேறிடத்தில் வேலைக்குச் சேரவிடாது தடுக்கவும், ஊருக்குச் செல்ல ஒப்புதல் மறுக்கவும் உரிய அதிகாரத்தின் பெயராக மாறியது எங்ஙனம்? இது நபித்தோழர் காலத்திலிருந்து வழிவழியாக வந்த ஏற்பாடு என்று எண்ணுவோர் உளர். அங்ஙனமன்று. இன்றைய கஃபாலா முறை 20ஆம் நூற்றாண்டில் உருவானது. பஹ்ரைனில் பிரிட்டிஷார் ஆதிக்கம் செலுத்திய காலத்து நிருவாகத்தில் அதன் தொடக்கத்தை ஆய்வாளர் காட்டியுள்ளனர். எண்ணெய் வளம் பெருகியபோது அது எங்கும் பரவியது. பழைய கஃபாலாவில் பொறுப்பேற்றவனுக்கு இழப்பு. புதியதில் பொறுப்பில் இருப்பவனுக்கு இழப்பு. கூலியே வாங்கக்கூடாத இடத்தில் விசாவே விலைபொருளாயிற்று. பெயர் மட்டும் பழையது. பொருள் முற்றும் மாறியது.

‘அர்பாப்’ என்னும் சொல்லும் அவ்வாறே. அது ‘ரப்பு’ என்பதன் பன்மை. சிறையிலிருந்த யூஸுஃப் நபி தம் தோழர் இருவரிடம், பலவாகப் பிரிந்த அர்பாபுகள் மேலா, அடக்கியாளும் ஒரே இறைவன் மேலா என்று வினவியதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. அயல்நாட்டில் விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குச் சிறைப்பட்ட ஒருவரின் வினா அது. வளைகுடாவில் முதலாளியை ஒருமையிலேயே ‘அர்பாப்’ என்றழைப்பது நம்மவர் வழக்காகிவிட்டது. நாவலாசிரியர் இச்சொல்லை விளக்கப் புகவில்லை. நஜீபின் வாயில் வைத்துவிட்டுப் போகிறார். அரபு அறிந்த வாசகர் சிறைச்சாலைப் பகுதியைப் படிக்கும்போது அவ்வினா தானே காதில் ஒலிக்கும்.

மூன்றாவது சொல் ‘ராஈ’, மேய்ப்பன். உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பிலுள்ளவை பற்றி வினவப்படுவீர் என்னும் கருத்தமைந்த ஹதீஸை அறியாதார் இல்லை. நாவலில் இப்பொறுப்பை நிறைவேற்றுகிறவன் யார்? ஆடுகளுக்கு உரிமையாளனான அர்பாப் அல்லன். பெயரற்று, காகிதமற்று நிற்கும் நஜீபே ஊரிலுள்ளோர் பெயர்களை ஆடுகளுக்குச் சூட்டுகிறான். தன் மகனுக்கென்று எண்ணி வைத்திருந்த நபீல் என்னும் பெயரைத் தான் ஈன்றெடுக்க உதவிய குட்டிக்கு வைக்கிறான். அரசின் ஏட்டில் தன் பெயர் இல்லாதவன் பிற உயிர்களுக்குப் பெயர் அளிக்கும் இப்பகுதியே நாவலின் சிறந்த பகுதி என்போம்.

குறை இல்லையோ எனின், உண்டு. அர்பாபை ஆசிரியர் ஒரு கொடியோனாக மட்டுமே தீட்டியுள்ளார். அவனும் ஒரு முறைமையின் விளைவு என்பது வாசகர்க்குப் புலப்படுவதில்லை. ஆகவே நூலை மூடிவைத்தவர், ‘நல்ல அர்பாப் கிடைத்திருந்தால் நஜீபுக்கு இந்நிலை வந்திராது’ என்று எண்ணிக்கொள்கிறார். நல்லவன் கிடைப்பானா, கெட்டவன் கிடைப்பானா என்பதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடும் சட்டமே பழுதுடையது என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றாமலே போகிறது. கதை நஜீபின் கூற்றாக அமைந்தமையால் அவன் அறியாததை ஆசிரியர் சொல்ல இயலாது என்று விடை கூறலாம். அவ்விடை ஏற்கத்தக்கதே. ஆயின், நஜீப் அறியாததை அறிந்துகொள்ளும் கடமை வாசகரைச் சேர்கிறது.

அரபு இலக்கியத்தில் பயணியின் காகிதம் எப்பொழுதும் விலங்காக மட்டும் இருந்ததில்லை. ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல் எழுந்த ‘அக்பாருஸ் ஸீனி வல் ஹிந்த்’ என்னும் நூல் சீன நாட்டு வழக்கமொன்றைக் குறிக்கிறது. அங்கே பயணம் செய்வோன் இரண்டு தாள்களைப் பெற வேண்டும். ஒன்றில் அவன் பெயர், வயது, இனம், உடன் வருவோர் விவரம். மற்றொன்றில் அவனிடமுள்ள பணமும் சரக்கும். வழியில் பொருள் தொலைந்தாலும் அவனே இறந்தாலும், அவனுக்கோ அவன் வாரிசுகளுக்கோ உரியது போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அங்கே காகிதம் பயணியின் அமானிதத்தைக் காக்கும் காவலனாக நிற்கிறது.

மறுபக்கத்துக்குச் சான்று இப்னு பதூத்தா. 1333இல் சிந்து நதிக் கரையை அடைந்து, அங்கிருந்து முல்தான் வந்தவர் அவர். இந்தியாவில் தங்கிவிடும் எண்ணத்தோடு வருவோரையன்றிப் பிறரை உள்ளே விடலாகாது என்பது முஹம்மது பின் துக்ளக்கின் ஆணை. ஆகவே காஜியையும் சாட்சிகளையும் வரவழைத்து, அவரிடமும் உடன் வந்தோரிடமும் தங்குவதாக உறுதிப்பத்திரம் எழுதி வாங்கினர். தில்லியில் அவருக்கு ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் காஜிப் பதவி கிடைத்தது. தாம் மாலிக்கி மத்ஹபினர், இவ்வூராரோ ஹனஃபிகள், தமக்கு இவர்கள் மொழியும் தெரியாது என்று அவர் எடுத்துச் சொல்ல, துணைக்கு இருவரை சுல்தான் நியமித்தார். ஒரு சமயம் சுல்தானின் ஐயத்துக்கு ஆளாகிக் காவலுக்கும் உட்பட்டார். 1342இல் சீனத்துக்குச் செல்லும் தூதர் என்ற பொறுப்போடுதான் தில்லியை விட்டு வெளியேறினார்.

இதனைப் பயணச் சுவைக்காகப் படித்தவர் பலர். நாம் இதில் ஒரு கல்விமானின் வேலை அனுமதியைக் காண்கிறோம். நுழைவுக்கு நிபந்தனை, எழுத்தில் உறுதி, தகுதிக்கு முழுதும் பொருந்தாத பதவி, விடை பெறுவதில் இடர் ஆகிய நான்கும் அதில் உள்ளன. அளவிலும் துன்பத்திலும் நஜீபோடு ஒப்பிடத்தக்கவரல்லர் இப்னு பதூத்தா. அவர் அரசனின் விருந்தினர். எனினும், உள்ளே வருவதற்கான கதவையும் வெளியே செல்வதற்கான கதவையும் ஒரே கை பூட்டி வைத்தால், உள்ளிருப்பவன் காஜியாயினும் ஆட்டிடையனாயினும் அச்சம் ஒன்றே என்பது தெளிவாகிறது.

இப்பொழுது நிலை மாறிவிட்டது என்பர். மாறியிருப்பது உண்மைதான். கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதித் தேவையை நீக்கியது. 2020இல் இயற்றிய சட்டத்தால் முதலாளியின் இசைவின்றியே வேலை மாறவும் வழி செய்தது. சவூதி அரேபியா 2021 மார்ச் 14 முதல் வேலை மாற்றத்தையும் பயணத்தையும் ஓரளவு தளர்த்தியது. ஆனால் அத்தளர்வு வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், ஆட்டிடையர், தோட்டத் தொழிலாளர் போன்றோரை உள்ளடக்கவில்லை. நஜீபின் தொழிலே வெளியே நிறுத்தப்பட்டுவிட்டது! பற்றவைப்பாளரின் தாளில் ‘ஸாயிக் ஹாஸ்’ என்று எழுதியிருந்ததன் பொருளும் இங்கேதான் விளங்கும். அந்த ஒரு சொல், அவரைச் சீர்திருத்தத்தின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடக் கூடியது.

மற்றொரு புறம், திறமைசாலிகளுக்கு என்று தனிக் கதவுகள் திறக்கப்பட்டுள்ளன. ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் கொண்டுவந்த பசுமை வதிவிட அனுமதியின்படி, பட்டப்படிப்பும் மாதம் 15,000 திர்ஹமுக்குக் குறையாத ஊதியமும் உள்ளவர் கஃபீல் இல்லாமலே 5 ஆண்டுகள் தங்கலாம். சிங்கப்பூரில் வேலை அனுமதி, எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என மூன்று படிகள் உள்ளன. மேற்படியினர் போதிய ஊதியம் இருப்பின் மனைவி மக்களை அழைத்து வரலாம். கீழ்ப்படியில் வேலை அனுமதி பெற்றவருக்கு அவ்வுரிமை இல்லை. நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டு, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வுத் துறையின் அனுமதியை வேண்டி நிற்கிறது. ஏமாற்றப்படுவோரைக் காப்பதற்கான ஏற்பாடு இது என்பதை மறவோம். ஆயினும் அதுவும் ஒரு கோடு கிழிக்கிறது.

ஆக, தனக்குத் தானே பொறுப்பேற்கும் உரிமை இன்று ‘திறமையாளர்’ என்ற பட்டத்துக்கு அளிக்கப்படும் பரிசாயிற்று. அப்பட்டத்தை வழங்குவது யார்? கல்லூரிச் சான்றும் ஊதியச் சீட்டும். இருபது ஆண்டுகள் லாரிக்குக் கூண்டு கட்டியவரின் கண்ணளவுக்கு அங்கே இடமில்லை. இம்மலையில் சாமையும் தினையும் விளைவிப்போர் மண்ணின் நிறம் கண்டு விதைப்பார்கள். பாறைத்தேன் எடுப்போர் தேனீயின் போக்கறிந்து ஏறுவார்கள். இவையெல்லாம் எந்த நாட்டுத் தூதரகத்திலும் திறமையாகக் கணக்கிடப்படுவதில்லை. யூஸுஃப் நபி எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் காக்க வல்லவர், அறிந்தவர் என்னும் இரண்டையே தகுதியாகக் கூறினார். அறிவும் நம்பகமும் திறமையாக இருந்த இடத்தில் இன்று தாள் வந்து அமர்ந்துவிட்டது.

இறுதியாக நம் இலக்கியத்தைப் பற்றி ஒரு சொல். ‘சபராளி’ என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களில் பல தலைமுறையாக வழங்கி வருகிறது. சபர் போனவனின் மனைவி விடும் கண்ணீர், அவன் அனுப்பும் அத்தர், தந்தையை அறியாது வளரும் குழந்தை என்று நம் கதைகளும் கவிதைகளும் எவ்வளவோ பேசியுள்ளன. அவை வேண்டாதன அல்ல. ஆனால் அவ்வெழுத்துகளில் இக்காமா ஒரு பெயராக வருமேயன்றி, அதில் என்ன எழுதியிருந்தது என்பது வருவது அரிது. தமிழில் அகதி வாழ்வை எழுதியோர் இதில் முன்னே சென்றுவிட்டனர். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001), தஞ்சம் கோரும் ஒருவரின் விண்ணப்பத்தைக் கொண்டே தொடங்குகிறது. அரசுக்கு எழுதும் மனுவே இலக்கிய வடிவமாகிவிடுகிறது. தொழிலாளியின் ஒப்பந்தப் பத்திரத்துக்கு அத்தகைய எழுத்து நம்மிடையே இன்னும் போதிய அளவு வரவில்லை.

இக்காமா என்பது தொழுகைக்கு நிற்கும்போது நாம் சொல்லும் இகாமத்தோடு ஒரே வேரில் பிறந்தது. நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். ஒரு மனிதனை நிலைநிறுத்த வேண்டிய சீட்டு அவனை முடக்கிப் போடுமாயின், அம்முரண் எழுத்தாளனின் கண்ணில் படவேண்டும். நம் இளம் எழுத்தாளர்கள் சபராளியின் கண்ணீரை எழுதுவதற்கு முன் அவனுடைய தாளை வாங்கிப் படிக்கட்டும். மிஹ்னா என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, கஃபீல் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, கையொப்பமிட்டவன் அதன் பொருளை அறிந்துதான் இட்டானா என்று கேட்கட்டும். அரபு படித்த நாமும் நம் கல்வியைக் கிதாபுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு மஹல்லாவிலும் வாரத்தில் ஒரு நாள் மாலையேனும் இத்தாள்களைப் படித்துச் சொல்ல முன்வருதல் வேண்டும். விமான நிலையத்தில் நஜீபுக்குத் தேவைப்பட்டது அந்த அளவு அரபுதான்.